படமெடுத்த ஏழாம் தலை

லண்டன் செவன் கிங்ஸில் ஆறு மணி ரயிலைப் பிடித்தால் ஏழுக்கு முன் பொண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஏலக் கம்பனிக்கு ஐந்து நிமிட நடை. மூன்று வருடங்களாக றஜீனாவின் காலைகள் இப்படித்தான் விடிந்தன. பணக்காரர்கள் வந்து வாய்பிளந்து பார்க்கிற பொருட்களை அவர்களுக்கு முன்னமே பார்த்துவிடுகிற பாக்கியம் துப்புரவுக்காரருக்கு உண்டு. சிலையைத் தொடக் கூடாது, பீடத்தைத் துடைக்கலாம். அன்றும் அவள் பீடத்தைத் துடைக்கத்தான் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஒரு பாம்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெண்கலத்தில் வார்த்த ஹெர்குலிஸ். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய உயரம். கிரேக்கரின் பழங்கதையில் வருகிற அந்த வீரன், தடியை ஓங்கிக்கொண்டு, ஹைட்ரா என்ற ஏழு தலை நீர்ப்பாம்பை இடது காலால் மிதித்தபடி நின்றான். ஆறு தலைகள் நாய் மூஞ்சியும் காதும் கோரைப் பல்லுமாக, ஐரோப்பியன் கனவில் காண்கிற பாம்பாக இருந்தன. வீரனின் முழங்காலுக்குப் பின்னால் நின்ற ஏழாவது தலை மட்டும் படம் விரித்திருந்தது. படத்தின் முதுகில் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு வட்டம். அசல் நல்ல பாம்பு.

றஜீனா துடைக்கிற துணியோடு நிலத்தில் குந்திவிட்டாள். அந்தப் பாம்பை அவளுக்குத் தெரியும். அது இத்தாலியில் அவளுடைய குசினி மேசையில் பிறந்த பாம்பு. தேத்தண்ணிக் கரண்டியின் காம்பால் மெழுகைச் சீவிச் சீவி அதற்குப் படம் விரித்தவர் அவளுடைய புருசன் எட்வேட். அந்தக் கை எரிந்து கருகி, அந்த மனிதர் மண்ணுக்குள் போய் இருபத்தொரு வருடம் ஆகிறது.

பக்கத்தில் நின்ற அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பதுவா நகரம், ஏறத்தாழ 1510. பிறகு சிலையைக் கண்டுபிடித்து உலகுக்குத் தந்த புண்ணியவானின் பெயர். ஒலிவர் பெல்லமி.

அந்தப் பெயரை அவள் இருபத்தொரு வருடமாகத் தினமும் செபமாலை முடிந்ததும் ஒருமுறை சொல்லிவந்தாள். ஆசீர்வாதம் கேட்டுச் சொல்லவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

*

நடந்தது இதுதான். மன்னாரிலிருந்து இத்தாலிக்குப் போன எட்வேட், புளோரன்ஸ் பக்கத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தார். பதிவில்லை, கடதாசியில்லை, கையில் காசு. தோட்டத்துச் சிலைகளும் தேவாலயத்துச் சிலைகளும் வார்க்கிற இடம். மெழுகில் உருவம் செய்து, உள்ளே மண் அடைத்து, வெளியே மண் பூசி, நாட்கணக்காகச் சூளையில் சுடுவார்கள். மெழுகு ஓடிவிடும். ஈரமும் போய்விட வேண்டும். பிறகு மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். உள்மண் அடைப்பதில் எட்வேட்டைப் போல ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வான்.

2004இல் பெல்லமி லண்டனிலிருந்து ஒரு பழைய ஹெர்குலிஸின் மெழுகுப் படியைக் கொண்டுவந்தான். வரும் வழியில் ஏழாவது தலை உடைந்துவிட்டது. புதுத் தலை செய்யும் வேலை எட்வேட்டிடம் வந்தது. அவரை யாரும் ஹைட்ரா என்றால் என்ன என்று கூப்பிட்டு இருத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. மன்னாரான் ஒருவனிடம் பல தலைப் பாம்பு செய் என்றால் அவன் நாய் மூஞ்சியா வைப்பான்? படம்தான் விரிப்பான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டான். பெல்லமி மட்டும் சிரித்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும், படித்தவர்கள் அதைப் பற்றி எழுத ஏதாவது வேண்டும்," என்றானாம். எட்வேட் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தலைக்குள் எட்வேட் பட்டறை மண்ணை அடைக்கவில்லை. அந்த வருடம் ஊரில் சண்டை நின்றிருந்த நேரம். அவருடைய தங்கை மடுக்கோயிலுக்குப் போய், மாதாவின் வளவிலிருந்து மண் அள்ளி, பால்மா ரின்னில் போட்டு ஆள்மூலம் அனுப்பியிருந்தாள். மடு மண் இருக்கிற வீட்டில் பாம்பு அண்டாது, கடித்தாலும் விஷம் ஏறாது என்பது மன்னார்க் கத்தோலிக்கரின் நம்பிக்கை. "ஏழு தலையோட ஒரு சாமானை வீட்டுக்குள்ள வைச்சு வேலை செய்யிறன் றஜீனா. மண் போடாமல் விடக் கூடாது," என்று சொல்லி, ஒரு பிடியைக் குழைத்து அந்தத் தலைக்குள் மட்டும் அடைத்தார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

முதல் வார்ப்பு அச்சொட்டாக வந்தது. தலைக்குள் மண்ணைத் தாங்கிய ஆணியின் ஓட்டையைக் கழுத்தில் ஒரு சிறு மூடியால் அடைத்ததாக எட்வேட் வீட்டில் வந்து சொன்னார். பிறகு அதைப் புளிக்காடியில் ஊறவைத்து, ஆட்டுப் பட்டியில் புதைத்து எடுக்கச் சொன்னார்கள். புதுச் சிலையை ஏன் ஆட்டு மூத்திரத்தில் புதைக்கிறார்கள் என்று எட்வேட் யோசிக்காமல் இருந்திருப்பாரா? அவர் பால்குடி இல்லை. றஜீனா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடதாசியில்லாத மனுசனுக்குக் கேள்வி கேட்கிற வாய் எங்கே இருக்கிறது!

பெல்லமிக்கு இரண்டாவது ஹெர்குலிஸ் அவசரமாக வேண்டியிருந்தது. சூளை ஆறி ஒரு நாள் ஆகவில்லை. எட்வேட் அச்சின் வாய்க்கு மேலே முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி வேர்த்தது. உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாள் சுட வேண்டும் என்றார். பெல்லமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்றைக்கே ஊற்று," என்றான். முதலாளி தலையாட்டினான். எட்வேட் ஊற்றினார். ஈரத்தில் பட்ட வெண்கலம் சீறி மேலே கிளம்பி, அவருடைய முகத்திலும் நெஞ்சிலும் கைகளிலும் விழுந்தது.

ஆறு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தார். "கண்ணாடி வேர்த்தது, றஜீனா. நான் சொன்னனான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழாம் நாள் சொல்லவில்லை.

விசாரணையில் பெல்லமி கோட்டும் சூட்டுமாக வந்து கையெழுத்து வைத்தான். தான் சும்மா பட்டறை பார்க்க வந்த பயணியாம். அங்கே எந்த வேலையும் கொடுத்ததில்லையாம். இறந்த மனிதன் அங்கு வேலையாளே இல்லையாம், குடிப்பதற்கும் சூளைச் சூட்டில் படுப்பதற்கும் வருகிறவனாம். அன்றைக்கும் அவனில் சாராயம் மணத்ததாம், கை நடுங்கியதாம். முதலாளி ஒத்து ஊதினான். நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற றஜீனாவை ஒருவரும் கேட்கவில்லை. எட்வேட் பூசைக்குப் போனால் திராட்சை இரசம் மணக்கிறது என்று மூக்கைச் சுருக்குகிற மனிதர்.

வெள்ளைக்காரன் சொன்னான், ஊர் நம்பியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? இத்தாலியில் இருந்த தமிழர் பாதிப்பேர் பிறகு இத்தாலிக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தார்கள். றஜீனாவும் மகள் பிறேமினியும் வந்தார்கள். கதையும் கூடவே வந்து இல்ஃபோர்டில் இறங்கியது. போன வருடம் பிறேமினிக்கு ஒரு நல்ல இடம் பேசிவந்து, பெடியனின் தாய், "தகப்பன் குடிவெறியிலை நெருப்புக்குள்ளை விழுந்தவராமே," என்று கேட்டாள். பிறேமினி அன்றைக்கே அந்தப் பேச்சை முறித்தாள். பெடியன் போனதில் றஜீனாவுக்குக் கவலையில்லை. அந்த மனுசியின் வாயில் எட்வேட்டின் பெயர் அப்படி வந்ததைத்தான் அவளால் தாங்க ஏலவில்லை.

*

பின்னேரம் பிறேமினி ஏலப் புத்தகத்தைத் தொலைபேசியில் எடுத்து வாசித்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, கவுன்சில் அலுவலகத்தில் வேலை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நின்றாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. ஏழாவது தலையிலை இருக்கிற படம், வெனிஸ் வணிகர் இந்தியாவிலை இருந்து கொண்டுவந்த கதையளின்ரை சாயலாம். கிழக்கும் மேற்கும் ஒரே சிலையிலை சந்திச்ச அபூர்வமாம். பெரிய பேராசிரியர் ஒருத்தர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார்."

றஜீனா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கிழக்கும் மேற்கும் சந்தித்தது வாஸ்தவம்தான், அவளுடைய குசினி மேசையில். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பிறேமினிக்குத் தெரியவில்லை.

"நாளைக்கே போய்ச் சொல்லுவம், அம்மா."

"இல்லைப் பிள்ளை. வியாழக்கிழமை பெல்லமி வந்து பேசப் போறாராம். பேசட்டும்."

"ஏன் பேச விடுறியள்?"

"இப்ப சொன்னால், எனக்கும் தெரியாது, ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு கையை விரிச்சிடுவார். தன்ரை வாயாலை சபையிலை சொல்லட்டும். தானே கண்டுபிடிச்சது, தானே சோதிச்சது, தான் பொறுப்பு எண்டு சொல்லட்டும்."

ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டாளா? இருபத்தொரு வருடம் பொறுத்தவளுக்கு நாலு நாள் எந்த மூலைக்கு!

*

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வெறும் கிளாசுகளைச் சேகரிக்க ஆள் போதவில்லை என்று றஜீனாவைக் கறுப்பு மேற்சட்டை போட்டு நிற்கச் சொன்னார்கள். பெல்லமிக்கு இப்போது எழுபது வயதிருக்கும். முடி பஞ்சாக வெளுத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல், தேன் தடவிய குரல்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை முக்கால் மணி நேரம் கத்தியது. வடக்கு இத்தாலியில் ஒரு பழைய பிரபு வீட்டின் நிலவறையில் இதைத் தானே கண்டெடுத்தானாம். உள்ளே இருந்த மண்ணைத் தானே சோதனைக்கு அனுப்பினானாம், நானூறு வருடத்துக்கு மேல் பழையது என்று முடிவு வந்ததாம். முப்பத்தைந்து வருடம் பழகிய தன் கண்ணையும் தன் பெயரையும் இந்தச் சிலைக்குப் பிணை வைக்கிறானாம். பிறகு ஏழாவது தலையைச் சுட்டிக்காட்டினான். "இந்தப் படத்தைப் பாருங்கள். நடுக்கமே இல்லாத கை. இப்படி ஒரு கை நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் பிறக்கும்," என்றான்.

கைதட்டினார்கள். றஜீனாவின் தட்டில் கிளாசுகள் கிணுகிணுத்தன.

பேச்சு முடிந்து வந்த பெல்லமி, குடித்து முடித்த கிளாசை அவளுடைய தட்டில் வைத்தான். விசாரணை நடந்த அறையில் அவளுக்கும் அவனுக்கும் இடையில் இதே தூரம்தான் இருந்தது. அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. கிளாஸ் வைக்கிறவர்கள் தட்டைத்தானே பார்ப்பார்கள். றஜீனாவுக்கு உள்ளங்கால் தொடங்கி உச்சிவரை பற்றியது. அந்தத் தட்டை அவன் மண்டையில் போட்டிருந்தால் அவளுக்கு ஒரு நிமிடச் சுகம் கிடைத்திருக்கும். அவளுக்கு ஒரு நிமிடம் போதாது.

அடுத்த நாள் காலை சிற்பப் பகுதிக்குப் பொறுப்பான ஹனா கதவைத் திறந்தபோது றஜீனா வாசலில் நின்றாள். ஹனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கட்டடத்தில் துப்புரவுக்காரருக்குக் காலை வணக்கம் சொல்கிற இரண்டே பேரில் ஒருத்தி.

றஜீனாவின் ஆங்கிலம் நொண்டும். அதனால் சுருக்கமாகச் சொன்னாள். "மிஸ், பாம்பின் ஏழாவது தலை. படத்துக்குக் கீழே, கழுத்தில், கடலை அளவில் ஒரு வட்டம் இருக்கும். மேலே நிறம் பூசியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது மூடி. அதைக் கழற்றுங்கள். உள்ளே மண் இருக்கும். அந்த மண்ணைச் சோதியுங்கள்."

"சிலையின் உள்மண்ணை ஏற்கெனவே சோதித்தாயிற்றே, றஜீனா."

"அது உடம்புக்குள் இருந்த மண். அதைத் தோண்டி எறிந்துவிட்டுப் பழைய மண்ணை வைக்கலாம். தலைக்குள் கை போகாது."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் புருசன் செய்தது."

ஹனா சிரிக்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். வெளிச்சத்தைக் கீழிருந்து பிடித்துப் பத்து நிமிடம் பார்த்தாள். கடலை அளவில் ஒரு வட்டம், சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே இருந்தது. எழுந்தபோது அவளுடைய முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

*

ஏலத்திலிருந்து சிலையை எடுத்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு சோதனை முடிவு வந்தது. மண் கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது என்பதை மண்ணே சொல்லிவிடுமாம். ஏறத்தாழ இருபது வருடம் என்று சொல்லியது. அது இத்தாலிய மண்ணே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

"எந்த ஊர் மண்?" என்று ஹனா கேட்டாள்.

"எங்கள் மாதாவின் மண்," என்றாள் றஜீனா.

ஹனா அவளை உட்காரவைத்து, நிதானமாகப் பேசினாள். விசயம் பத்திரிகைக்குப் போகும், போலிசுக்குப் போகும். கள்ளச் சிலை செய்தவர் என்று யாரோ ஒருவருடைய பெயர் வரும். வேண்டாம் என்றால் எட்வேட்டின் பெயரைக் கம்பனி தன் அறிக்கையில் சொல்லாது. முகந்தெரியாத ஒரு வார்ப்புத் தொழிலாளி என்று போடலாம்.

அன்றிரவு தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை. "அப்பாவை இவ்வளவு நாளும் குடிகாரன் எண்டவை, இனிக் கள்ளன் எண்டுவினம். உங்களுக்கு அது ஓக்கேயா? பெயரை விடுங்கோ அம்மா, பிளீஸ்," என்று பிறேமினி கத்தினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. றஜீனா விடியும்வரை புரண்டாள். பெயரை ஒளித்தால் எட்வேட் வெறியில் விழுந்து செத்தவராகவே இருப்பார், ஹெர்குலிஸை யாரோ ஒரு முகமற்றவன் செய்திருப்பான், பெல்லமி அந்த முகமற்றவன்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். பெயர் இருந்தால்தான் பெல்லமி கையெழுத்து வைத்த விசாரணைக் கடதாசி அவனைச் சிலையோடு முடிச்சுப் போடும். அந்தக் கடதாசி இருபத்தொரு வருடமாக அவளுடைய கடவுச்சீட்டுப் பைக்குள் இருந்தது.

காலையில் ஹனாவிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். சூசைப்பிள்ளை எட்வேட். போலிசிடம் கடதாசியைக் கொடுத்தாள்.

பத்திரிகையில் வந்தது. பெல்லமி அவசர அவசரமாகச் செய்தி விட்டான். தானும் ஏமாந்தவன்தான், இத்தாலியில் ஒரு மகா கெட்டிக்காரக் கள்ளன் தன்னை ஏமாற்றிவிட்டான், அவனுடைய கை எந்த நிபுணனையும் ஏமாற்றியிருக்கும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கதைக்கிற கூட்டத்தில் மேரிறோஸ் நின்றாள். இத்தாலியிலிருந்து கதையை லண்டனுக்குக் காவிக்கொண்டு வந்த வாய்களில் அவளுடையது பெரிய வாய். றஜீனாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள், பத்துப் பேருக்குக் கேட்கிற அளவுக்கு.

"என்ன றஜீனா, உன்ரை மனுசன் கள்ளச் சிலை எல்லே செய்தவராம். பேப்பரிலை கிடக்குது."

"ஓம் அக்கா, செய்தவர்," என்றாள் றஜீனா. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஐந்நூறு வருசத்துப் பெரிய ஆக்களின்ரை கை எண்டு பேராசிரியர்மார் நாலு பக்கம் எழுதியிருக்கினம். வெறிகாரன்ரை கை அப்பிடிச் செய்யுமோ? நீங்களே சொல்லுங்கோ."

பஸ் வருகிறது என்றாள் மேரிறோஸ். பஸ் வரவில்லை.

*

அதற்கு அடுத்த சனிக்கிழமை பகல் வீட்டு மணி அடித்தது. பிறேமினி கதவைத் திறந்தாள். பெல்லமி நின்றான். கையில் பூங்கொத்து வேறு. செவன் கிங்ஸ் வீதியில், பக்கத்து வீட்டுக்காரனின் குப்பை வாளிக்கும் எதிர்வீட்டுக்காரனின் வான் வண்டிக்கும் நடுவில், அவன் வழி தவறி வந்தவன் மாதிரி இருந்தான்.

றஜீனா உள்ளே வரச் சொன்னாள். கதிரையைக் காட்டினாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பெல்லமிக்குத் தெரியாது. பிறேமினிக்குத் தெரிந்தது, அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். இருவரும் பேசியது இத்தாலிய மொழியில். ஆனால் அதை நம்முடைய மொழியில் சொன்னால்தான் றஜீனாவின் சூடு தெரியும்.

"சினோரா, நான் மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"ஏன் வந்தனீர் எண்டதைச் சொல்லும்."

அவன் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தான். "உங்கள் கணவர் குடிக்காதவர் என்று இதில் எழுதியிருக்கிறேன். அச்சு ஈரமாக இருந்தது, அவர் எச்சரித்தார், அவசரப்படுத்தியது நான்தான். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். உங்கள் முன்னாலேயே கையெழுத்து வைக்கிறேன். உங்கள் கோயிலில் வாசியுங்கள், பத்திரிகையில் போடுங்கள்."

பிறேமினி முன்னால் ஓரடி வைத்தாள். இத்தாலிய மொழி அவளுக்குப் பாதி மறந்துவிட்டது, ஆனால் இது விளங்கியது. அவளுடைய கண்கள் அந்தக் கடதாசியிலேயே நின்றன. நாலு வயதிலிருந்து அவள் சுமந்த பழி அந்த ஒரு தாளில் கழுவப்பட்டுக் கிடந்தது.

"அதுக்கு நான் என்ன செய்ய வேணும்?" என்றாள் றஜீனா.

"ஒரே ஒரு வார்த்தை. சிலையை உங்கள் கணவர்தான் எனக்குப் பழையது என்று சொல்லி விற்றார், எனக்கு எதுவும் தெரியாது என்று போலிசிடம் சொல்லுங்கள். அவர் இறந்துவிட்டார். அவரை யாரும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது, சினோரா."

 றஜீனாவுக்கு அந்தத் தாள் வேண்டியிருந்தது. தாகத்தில் தண்ணீர் வேண்டியிருப்பது மாதிரி வேண்டியிருந்தது. இருபத்தொரு வருடம் அவள் மாதாவிடம் கேட்டது இந்த நாலு வரிகளைத்தான். கையை நீட்டினால் போதும்.

"எட்வேட் குடிச்சவரோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் இல்லை. அந்தப் பட்டறையிலேயே நிதானமான ஆள் அவர்தான். அப்படி ஒரு கையை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை." அவனுடைய குரல் உடைந்தது. அது நடிப்பா இல்லையா என்று அவள் யோசிக்கவில்லை.

இந்தச் சொல்லைக் கேட்டால் நெஞ்சு ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஆறு நாளும் கட்டிலில் கிடந்து, கண்ணாடி வேர்த்தது, கண்ணாடி வேர்த்தது என்று அரற்றிய மனிதனைப் பற்றி, எல்லாம் தெரிந்துகொண்டே ஒருவன் பொய் சொல்லியிருக்கிறான் என்பது இப்போது அவனுடைய வாயாலேயே வந்துவிட்டது. அவளுடைய கோபம் இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆனது.

"கடதாசியை மடிச்சுப் பைக்குள்ளை வையும்," என்றாள்.

"அம்மா!" என்றாள் பிறேமினி.

"பொறு பிள்ளை." றஜீனா அவன் பக்கம் திரும்பினாள். "அங்கை விசாரணையிலை என்ன சொன்னனீர்? பட்டறையிலை எனக்கு ஒரு வேலையும் இல்லை, எட்வேட் எண்டவன் கை நடுங்குற வெறிகாரன் எண்டு கையெழுத்து வைச்சனீர். இங்கை போன கிழமை என்ன சொன்னனீர்? அவன் மகா கெட்டிக்காரன், அவன்ரை கை என்னை ஏமாத்திப்போட்டுது எண்டு பேப்பருக்குச் சொன்னனீர். இரண்டு கடதாசியும் இப்ப போலிசிட்டை ஒரே பையிலை கிடக்குது. கோர்ட்டிலை உம்மை நிப்பாட்டி, எது பொய் எண்டு கேப்பினம். வெறிகாரன் எண்டால், ஒரு வெறிகாரன் செய்ததை முப்பத்தைஞ்சு வருசத்துக் கண்ணாலை பார்த்து ஐந்நூறு வருசத்துச் சாமான் எண்டு நீர் பிணை வைச்சனீர். அதைச் சொல்லும், உலகம் சிரிக்கட்டும். வெறியில்லை எண்டால், அங்கை நீதவானுக்கு முன்னாலை பொய்ச் சத்தியம் செய்தனீர், பட்டறையிலை வேலை குடுத்ததும் நீர்தான். அதைச் சொல்லும், உள்ளை போம். எட்வேட் குடிக்கேல்லை எண்டதை நீர் சொல்லத்தான் போறீர், பெல்லமி. நான் உமக்கு ஒண்டும் தராமலே சொல்லுவீர். இனாமாச் சொல்லுவீர்."

பெல்லமி அவளைப் பார்த்தான். முதல்முறையாக முகத்தைப் பார்த்தான். "உங்களுக்கு என்ன கிடைக்கும் இதில்?" என்று கேட்டான்.

"நீர் நிக்கிறதை நான் இருந்து பார்ப்பன். அது கிடைக்கும்."

அவன் எழுந்தான். வாசலில் பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினான். பிறேமினி அதை வாங்கி, அவனுடைய கையிலேயே திரும்பக் கொடுத்து, கதவைச் சாத்தினாள்.

பிறகு அவள் கதவில் சாய்ந்து அழுதாள். "அந்தக் கடதாசியை வாங்கியிருக்கலாம் அம்மா. கோர்ட்டிலை அவன் வாயே திறக்காமல் விட்டால்?"

"விட்டால் விடட்டும். அவன்ரை கையாலை வாற நல்ல பேர் உன்ரை அப்பாவுக்கு வேண்டாம்."

அப்படிச் சொன்னாலும், மகள் சொன்னது நடக்கலாம் என்று றஜீனாவுக்கும் தெரியும். வழக்கு வருடக்கணக்காக இழுக்கலாம், கிழவன் அதற்குள் செத்தும் போகலாம். அப்படியானால் அந்த நாலு வரியும் அவனோடு போகும். அவள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் வேண்டாம் என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால், செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றாள். மேரிறோஸைப் புண்படுத்தியதைச் சொன்னாள். மகளோடு சண்டை பிடித்ததைச் சொன்னாள். வேறு ஏதாவது உண்டா என்று சுவாமி கேட்டார். அந்தக் கதிரையில் இருந்த பெல்லமியின் முகம் எப்படி வாடி விழுந்தது என்பது அவளுடைய கண்ணுக்குள் வந்தது. பழச்சுளையைக் கடித்தது மாதிரி இனித்தது. சொல்லலாம்தான். ஆனால் சொன்னால் அதற்காக மனம் வருந்த வேண்டுமே.

"வேறை ஒண்டும் இல்லை, சுவாமி," என்றாள் றஜீனா.